ஆவாரேந்தல் விலக்கு

மத்தியானம் இரண்டரை மணி. வெறும் ரோடு... முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, ஒரு வண்டி கிடையாது.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய்க் கதை என்றால் நடுச்சாமமும் அமாவாசையும் புளியமரமும் வேண்டுமாக்கும். அரபு நாட்டில் புளியமரத்துக்கு நான் எங்கே போவேன்? நடந்ததைத்தான் சொல்ல முடியும். நடந்தது பட்டப்பகலில், கண்ணைத் திறக்க முடியாத வெயிலில். விமல், பெட்டி கட்டியது போதும், கயிற்றைக் கீழே வைத்துவிட்டு இப்படி வா. நாளைக்கு ஊருக்குப் போகிறவன் நீ, நீதான் முக்கியமாகக் கேட்க வேண்டும். கரண்ட் வருகிறபோது வரட்டும். அல் ஐனில் நம் ரூமில் மட்டும்தான் ஏசி ஓடவில்லை என்று அழாதீர்கள். அந்த டார்ச்சை அணையுங்கள். முகத்தில் அடிக்கிறது.

இது என் மச்சான் உஸைருக்கு நடந்தது. என் சம்சாரத்தின் தம்பி. கீழக்கரைக்காரன். இட்டுக்கட்டத் தெரியாதவன்... தெரிந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சவூதியில் வடக்கே, ஈராக் எல்லைப் பக்கம், ரஃப்ஹா என்று ஒரு ஊர். அதற்கும் வடக்கே தள்ளி ஒரு சின்னக் குடியிருப்பு. முப்பது வீடு, ஒரு பள்ளிவாசல், ஒரு பெட்ரோல் பங்க். அவ்வளவுதான். அதன் பெயர் உஸைர் வாயில் நுழையவில்லை, கடைசி வரைக்கும் ‘வடக்கூர்’ என்றுதான் சொல்வான். அங்கே அவனுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. பாலைவனத்தில் அங்கொன்று இங்கொன்றாகக் கூடாரங்கள், ஆட்டுப் பட்டிகள். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் போய் இரும்புத் தொட்டியை நிரப்பிவிட்டு வர வேண்டும். பாதை என்று ஒன்றும் இருக்காது. அந்தக் குன்று, இந்தப் பள்ளம், அங்கே ஒரு செத்த ஒட்டகத்தின் எலும்பு... இவைதான் அடையாளம். காற்று அடித்தால் அதுவும் போய்விடும்.

அந்தக் கூடாரங்களில் கடைக்கோடியில் இருந்தது ஒரு தமிழன். அம்மையப்பன் என்று பெயர். பரமக்குடிக்குப் பக்கத்தில் ஆவாரேந்தல். தோட்ட வேலை என்று சொல்லி அழைத்துப் போய் ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் கஃபீல் கையில், அந்த அரபி முதலாளி கையில். கல்யாணம் ஆன வருஷமே புறப்பட்டு வந்தவன். சம்சாரம் ஜெயமணி அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கப்புறம் பெண் குழந்தை பிறந்தது, சந்தியா என்று பெயர் வைத்தார்கள், அவள் நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடத்திலும் சேர்ந்துவிட்டாள். எல்லாம் இவனுக்குக் காதால் கேட்ட செய்திதான். கையில் ஒரே ஒரு போட்டோ இருந்தது. துணியில் சுற்றிக் கிடக்கிற கைக்குழந்தை, கண்கூடத் திறக்கவில்லை.

உஸைர் போகிற அன்றைக்குத்தான் அவனுக்குத் தமிழ் பேச வாய்க்கும். மற்ற நாளெல்லாம் ஆடுகளோடு பேசுவான். ஆடுகளுக்கெல்லாம் ஊரிலிருக்கிற சொந்தபந்தங்களின் பெயர்தான். முட்ட வருகிற பெரிய கிடாவுக்கு மட்டும் ‘மாமனார்’. லாரி வருகிற தூசியைப் பார்த்ததும் எழுந்து முகம் கழுவித் தலைவாரி நிற்பானாம். தண்ணீர் இறங்கும் வரைக்கும் வாய் ஓயாது. கடைசியில் எப்போதும் ஒன்றுதான்... "பாய், நீங்க ஊருக்குப் போறப்ப எங்கிட்டச் சொல்லாமப் போயிறாதீங்க. முடிஞ்சா என்னையும் கூட்டிட்டுப் போங்க." உஸைர் சிரித்துக்கொண்டே சரி என்பான். எத்தனை பேரிடம் நாமும் அப்படிச் சரி சொல்லியிருக்கிறோம்.

உஸைருக்கு ஒரேயடியாக ஊருக்குப் போக எக்ஸிட் வந்துவிட்டது. லாரியைப் புது டிரைவரிடம் ஒப்படைத்தான். ஒவ்வொரு கூடாரத்துக்கும் வழி காட்ட வேண்டியது இவன் பொறுப்பு. எல்லாம் காட்டினான். கடைசிக் கூடாரத்துக்குப் போகிற நேரம் புழுதிக் காற்று கிளம்பிவிட்டது. அந்தக் குன்றுக்கு அப்பால் ஒருத்தன் இருக்கிறான் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஊருக்குப் போகிற அவசரம். மனசு அப்போதே கீழக்கரைக்குப் போய்விட்டது.

புறப்படுகிற அன்று வடக்கூர்க்காரர்கள் ஒரு டின் நிறைய ஆட்டு நெய் கொடுத்தார்கள். கிழவர்கள் கட்டிப்பிடித்து அனுப்பினார்கள். தன் கஃபீலின் பழைய பிக்கப்பை இவனே ஓட்டிக்கொண்டு போய் ரஃப்ஹாவில் சுரேஷ்குமாரின் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு, தம்மாம் பஸ் ஏற வேண்டும் என்று ஏற்பாடு. பின்னால் பெட்டிகள், பக்கத்தில் நெய் டின். அந்த வண்டிக்கு ஏசி செத்துப் பல மாதம். கண்ணாடியை இறக்கினால் அடுப்புக் காற்று, ஏற்றினால் நெய் வாடை.

அம்மையப்பன் கூடாரத்துக்குப் பிரிகிற தடம் வந்தது. உள்ளே போய் வர ஒரு மணி நேரம் ஆகும். பஸ் போய்விடும். போன் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். போன் எங்கே இருக்கிறது அங்கே? அந்தப் பக்கம் பார்க்காமலே கடந்துவிடலாம் என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஓட்டினான்.

அப்போதுதான்... இரண்டரை மணி.

தடம் ரோட்டில் வந்து சேருகிற இடத்தில் அம்மையப்பன் நிற்கிறான். கையில் ஒரு பை. மேலே குளிர்காலத்தில் போடுகிற கம்பளிக் கோட்டு, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு. இவன் பிரேக்கை மிதித்தான். டயர் சத்தம் அடங்கினதும் ஒரு சத்தமும் இல்லை. காற்றுகூட நின்றுவிட்டது.

கதவைத் திறந்து அவனாகவே ஏறி உட்கார்ந்தான். உஸைருக்கு வெட்கம். இங்கே எப்படி வந்தாய், யார் விட்டார்கள் என்று கேட்டான்.

"கஃபீல் விட்டுட்டாரு போல பாய். காலையில எந்திரிச்சேன்... கயிற அவுத்துவிட்ட மாதிரி இருந்துச்சு. கெளம்பி வந்துட்டேன்."

பாஸ்போர்ட்?

"அதெல்லாம் பாத்துக்கலாம் பாய். நீங்க இருக்கீங்கள்ல."

தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான் உஸைர். வேண்டாம், இப்போது தாகமே இல்லை என்று தள்ளிவிட்டானாம். அந்த வெயிலில், அந்தக் கோட்டில், நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. வண்டிக்குள் ஒரு வாடை வந்தது. ஆட்டு வாடை இல்லை. ரொம்ப நாள் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் தூறல் விழுந்தால் வருமே, அது. உஸைர் வெளியே எட்டிப் பார்த்தான். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

இவன் பயந்ததெல்லாம் செக் போஸ்டுக்குத்தான். இகாமா அனுமதி அட்டை இல்லாத ஆளை ஏற்றி வந்தால் இவனுக்கும் சேர்த்து ஜெயில். சிப்பாய் சின்னப் பையன். உஸைரின் காகிதங்களைப் பார்த்தான். குனிந்து பக்கத்து சீட்டையும் பார்த்தான்... கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஜன்னலிலிருந்து கையை எடுத்துத் தேய்த்துக்கொண்டே, ஏசியை இவ்வளவு வைக்காதே, உடம்புக்கு ஆகாது என்று சொல்லி யல்லா, போ என்று அனுப்பிவிட்டான்.

ஏசிதான் செத்துப்போயிற்றே. அதை யோசிக்கிற நிலையில் உஸைர் இல்லை. தப்பித்தோம், அல்லாஹ் காப்பாற்றினான் என்று மிதித்தான்.

ரஃப்ஹாவில் பஞ்சர் கடை பூட்டிக் கிடந்தது. சாவியை வழக்கமாக வைக்கிற ஓட்டையில் வைத்துவிட்டு இரண்டு டிக்கெட் எடுத்து பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் ஒரு மிஸ்ரி, எகிப்துக்காரன், வந்தான். உஸைர் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மையப்பன் இருந்த சீட்டில் உட்கார்ந்தான்... உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். ஈரமாக இருக்கிறது என்று திட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டான். அம்மையப்பன் ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொண்டு சிரித்தான். உஸைர் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். ஈரம் இல்லை. மணல், மாவு போல மணல். தட்டிவிட்டான். மறுபடியும் சர்ர்ரென்று எங்கிருந்தோ இறங்கியது.

ராத்திரி முழுக்கப் பேச்சு. ‘மாமனாருக்கு’ இனி யார் தண்ணீர் காட்டுவார்கள் என்று அவனுக்கு ஒரே கவலை. பிறகு பிள்ளையைப் பற்றி. சந்தியாவுக்கு ஒரு கவுன் வாங்க வேண்டும், தம்மாமில் வாங்கிக் கொடுங்கள் என்றான். எத்தனை உயரம் இருப்பாள் என்று கேட்டான் உஸைர். அம்மையப்பன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்தான். யோசித்தான். இன்னும் கொஞ்சம் ஏற்றினான். "இவ்வளவு இருப்பாளா பாய்?" என்று இவனிடமே கேட்டான். இவனுக்கு என்ன தெரியும்?

காலையில் தம்மாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கண்ணாடிக் கேபின் வைத்த போன் கடை. பெட்டிகளுக்கு அம்மையப்பனைக் காவல் வைத்துவிட்டு உஸைர் உள்ளே போனான். முதலில் பஞ்சர் கடை சுரேஷ்குமாருக்குப் போட்டான், சாவி கிடைத்ததா என்று கேட்க.

"சாவி கெடக்கட்டும் பாய்," என்றான் சுரேஷ்குமார். "நேத்து நான் கடையிலயே இல்ல. நம்ம அம்மையப்பன் செத்துட்டாரு."

உஸைர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். சுரேஷ்குமார் மேலே மேலே சொல்லிக்கொண்டு போனான். புது டிரைவர் வழி தெரியாமல் அலைந்திருக்கிறான். இரண்டு வாரமாகத் தண்ணீர் போகவில்லை. நேற்று மத்தியானம்தான் கூடாரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. ஆடுகளுக்குக் காட்டிவிட்டுத்தான் கடைசித் தண்ணீர் தீர்ந்திருக்கிறது. அம்மையப்பன் தொட்டிக்குப் பக்கத்தில் கோட்டு போட்டபடி சுருண்டு கிடந்தானாம். குளிரடித்திருக்கிறது போல... தாகத்தில் சாகிறவனுக்குக் கடைசியில் நடுங்குமாமே. கஃபீல் பயந்துபோய் சாயங்காலமே அங்கேயே புதைத்துவிட்டார். ஊருக்கு ராத்திரி நான்தான் போன் பண்ணிச் சொன்னேன், அவன் பெண்டாட்டி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது பாய் என்றான்.

உஸைர் மெல்லத் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான் அம்மையப்பன். நல்ல காலை வெளிச்சம். இவன் பார்ப்பதைப் பார்த்ததும் கையைக் காதில் வைத்துக் காட்டினான். என் வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள் என்று.

உஸைர் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான்.

கேபினுக்குப் பின்னால் ஒரு கதவு இருந்ததாம். பெட்டி போனால் போகிறது, ஓடிவிடலாம் என்று அதன் கைப்பிடியைப் பிடித்தேவிட்டான். ஆயத்துல் குர்ஸி ஓதினான். அப்போது தோன்றியதாம்... நான் கை காட்டின திசையில் ஒருத்தன் தண்ணீர் இல்லாமல் செத்தான். செத்த பிறகும் என்னை நம்பி என் பெட்டிக்குக் காவல் இருக்கிறான். இவனை இங்கேயும் விட்டுவிட்டு ஓடினால் நான் மனிதனா? இதை என்னிடம் சொல்லும்போது உஸைர் தேம்பித் தேம்பி அழுதான். எனக்கும்தான் அழுகை வந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

முகம் கழுவிவிட்டு வந்தான். வீட்டில் எல்லாரும் சுகம் என்றான். அம்மையப்பன் முகம் மலர்ந்துபோயிற்று.

இனி இவனிடம் எதையும் கேட்கக் கூடாது, எதையும் சொல்லக் கூடாது, வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், அவன் பெண்டாட்டி பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அல்லாஹ் விட்ட வழி. இதுதான் உஸைர் போட்ட முடிவு. கவுனும் வாங்கினான், கடைக்காரனிடம் ஆறு வயசுப் பிள்ளைக்கு என்று சொல்லி.

ஏர்போர்ட்டில் ஒன்று நடந்தது. அதைக் கவனியுங்கள். பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் இவனுக்கு முத்திரை குத்திவிட்டார்கள். திரும்பிப் பார்க்கிறான்... தரையில் இழுத்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மையப்பன் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறான். பாஸ்போர்ட் இல்லாதவன் தாண்டக் கூடாது என்று நிற்கிறான். சிப்பாய்கள், டிராலிகள், ஜனங்கள் எல்லாம் அவன் வழியாகவே போகிறார்கள், வருகிறார்கள். அவன் அசையவில்லை. உஸைர் கையை ஆட்டி, வா என்றான். உடனே வந்தான். இவன் வா என்றால் வருவான். இவன் நில் என்றால்...

சரி. பிளேனில் இடம் இல்லை. இரண்டு சீட் வரிசைக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். சாப்பாட்டு வண்டி அவன் வழியாக உருண்டு போனபோது உஸைர் கண்ணை மூடிக்கொண்டான்.

சென்னையில் இறங்கி, ராத்திரி பஸ் பிடித்து, மறுநாள் பரமக்குடி. கீழக்கரையில் உம்மாவும் பெண்டாட்டியும் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கிறார்கள். இவன் வாடகைக் கார் பிடித்து ஆவாரேந்தலுக்கு விடச் சொன்னான். டிரைவர், ஒரு ஆள்தானே பாய் என்று கேட்டான். இரண்டு பேர் என்று உஸைர் வாய் தவறிச் சொல்லிவிட்டான். டிரைவர் பின் சீட்டைப் பார்த்தான், இவனைப் பார்த்தான், வண்டியை எடுத்தான்.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடம்தான் ஆவாரேந்தல் விலக்கு. சிமெண்ட்டில் கட்டின பஸ் நிழற்குடை ஒன்று, சுற்றிலும் கருவேலங்காடு. அங்கிருந்து ஊர் கூப்பிடு தூரம். அங்கேயும் உச்சி வெயில்தான், ஆள் நடமாட்டம் இல்லை. அம்மையப்பன் நிறுத்தச் சொன்னான். இறங்கி நின்று மூச்சை இழுத்தான். உஸைரும் இறங்கினான்.

நிழற்குடைச் சுவரில் ஒரு போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. அம்மையப்பனின் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டின முகம். பசைகூடக் காயவில்லை.

உஸைர் ஒரே எட்டில் போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டான். சட்டையில் பசை ஈரம் சில்லென்று ஏறியது. அப்போது ஊருக்குள்ளிருந்து பெண்கள் அழுகிற சத்தம் வந்தது. ஒருத்தி ராகம் எடுக்கிறாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள்.

அம்மையப்பன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். முகம் மாறியது.

"எங்க தெருவுலதான் கேக்குது... யாரு எறந்துருக்கான்னு தெரியலயே பாய்."

உஸைர் போஸ்டரை மறைத்துக்கொண்டே நிற்கிறான். இது உன் வீடுதானப்பா, செத்தது நீதானப்பா, வா, போய் உன் பிள்ளையைப் பார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படிச் செத்தேன் என்று கேட்பானே... அதற்குப் பதில் இவன் அல்லவா சொல்ல வேண்டும்? வாயில் வந்தது ஒரு பொய். யாரோ வயசானவராக இருக்கும் என்றான்.

அம்மையப்பன் தலையாட்டினான். அந்தப் பக்கத்து வழக்கம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெருவில் ஒரு பிணம் கிடக்கும்போது யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். அசலூரிலிருந்து வருகிறவனும் பெட்டி படுக்கையோடு வீடு நுழைய மாட்டான். உஸைருக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

"புள்ள மொகத்த மொதமொதல்ல பாக்கப் போறேன் பாய். சாவுக்கு நடுவுல போயிப் பாக்கக் கூடாது. எடுக்கட்டும். எடுத்து, தெருவக் கழுவி விட்டதும் போறேன். நீங்க போயி பாத்துட்டு, எடுத்ததும் ஆளனுப்புங்க. இங்கயே இருக்கேன்."

உஸைர் என்ன சொன்னான் தெரியுமா? சரி என்றான். எடுக்கிற வரைக்கும் இங்கேயே இரு, நான் சொல்லி அனுப்புகிறேன் என்றான். அந்த நேரத்துக்கு அது நல்ல யோசனையாகப் பட்டதாம். பெண்டாட்டி மார்பில் அடித்துக்கொண்டு அழுவதை இவன் பார்க்க வேண்டாம், அழுகை அடங்கின பிறகு கூட்டிப்போகலாம் என்று நினைத்தானாம். அம்மையப்பன் நிழற்குடைத் திண்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். உஸைர் முதுகைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தபோது போஸ்டரில் முகம் இருந்த துண்டு சட்டையோடு வந்துவிட்டது.

வீட்டு வாசலில் சாமியானா. நாற்காலிகளில் ஆண்கள். உள்ளே போட்டோவுக்கு முன்னால் விளக்கு. ஜெயமணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், அழுது அழுது தொண்டை கட்டி. பக்கத்தில் அந்தப் பிள்ளை, என்ன ஏது என்று புரியாமல் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டு. உஸைர் கவுனை அதன் கையில் கொடுத்தான். சரியான அளவாக இருந்ததாம்.

சவூதியிலிருந்து வந்த பாய் என்றதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். பாடி எப்போது வரும் என்பதுதான் கேள்வி. சுரேஷ்குமார் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறான். உஸைர்தான் சொல்ல வேண்டியதாயிற்று. வராது, அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றான். பெரியவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். சரி, அவன் சட்டை ஒன்றை வைத்து, போட்டோவை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்து எடுத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

ஜெயமணி எழுந்து வந்தாள்.

"அவரு மொகத்த நான் பாக்கணும். பாக்காம எடுக்க விடமாட்டேன். சட்டைய வச்சு எடுக்குறதுக்கு நான் சட்டையவா கட்டிக்கிட்டேன்?"

யார் சொல்லியும் கேட்கவில்லை. கும்பிட்டார்கள், அதட்டினார்கள். தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் வந்தால்தான் எடுக்க வேண்டும் என்கிறாள் இவள். எடுத்தால்தான் வருவேன் என்று விலக்கில் உட்கார்ந்திருக்கிறான் அவன். நடுவில் கூப்பிடு தூரம். இரண்டையும் தெரிந்த ஒரே ஆள் என் மச்சான்.

ஓடிவிட்டான். ஆமாம், ஓடிவிட்டான். விலக்கு வழியாகப் போகாதே, கண்மாய்க் கரை வழியாக விடு என்று டிரைவரிடம் சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழக்கரைக்கு ஓடிவிட்டான். நான் லீவில் போனபோது கேட்டுவிட்டுத் திட்டினேன். உயிரோடு இருக்கிறவனிடம் பொய் சொன்னால் பிறகு யாராவது அவனுக்கு உண்மையைச் சொல்வார்கள். செத்தவனிடம் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்? திட்டின பிறகு இரண்டு பேருமாகப் போனோம். அதே நிழற்குடை, அதே உச்சி வெயில். அம்மையப்பா, அது உன் வீடுதான், எழுந்து போ என்று உஸைர் கத்தினான். கைகூப்பிக் கத்தினான். கருவேலங்காட்டில் குருவிச் சத்தம்தான். திண்டில் யாரும் இல்லை. இவன் கண்ணுக்கு அப்புறம் அவன் தெரியவே இல்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். திண்டைத் தடவிப் பார்த்தேன், மாவு போல மணல் இருந்தது... ரோட்டோரம் மணல் இருக்காதா என்றால் இருக்கும்தான்.

சாமியானாவைப் பிரித்துவிட்டார்கள். ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. ஜெயமணி மட்டும் இன்றைக்கு வரைக்கும் எடுக்க விடவில்லை, விளக்கும் அணையவில்லை. அந்தப் பிள்ளை சந்தியா இப்போது பரமக்குடிப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. சனிக்கிழமை அரை நாள் விட்டால் மத்தியான பஸ்ஸில் வந்து விலக்கில் தனியாக இறங்கும்.

போன மாசம் ஜெயமணி உஸைருக்குப் போன் பண்ணினாள். பிள்ளை ஒன்று சொல்கிறது பாய், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாளாம். சனிக்கிழமை தோறும் நிழற்குடையில் கம்பளிக் கோட்டு போட்ட, முகமெல்லாம் வற்றிச் சுருங்கின ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாராம். நல்ல ஆளாம், மரியாதையாகத்தான் பேசுவாராம். வேறொன்றும் கேட்க மாட்டாராம். "ஊருக்குள்ள எடுத்தாச்சா பாப்பா?" என்று மட்டும் கேட்பாராம்.

நீ என்னடி சொன்னாய் என்று கேட்டிருக்கிறாள் ஜெயமணி.

"எனக்குத் தெரியாது தாத்தா, எங்கம்மாட்டக் கேட்டு அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லிருக்கேம்மா. என்னத்தம்மா எடுக்கணும்?"